வெளிநாட்டுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவர்கள் அங்குள்ள ஆசிரியரோடு சேர்ந்து வேலை செய்யட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விடுமுறையில் வெளிநாட்டுக்குப் போய், வசதி குறைந்த சின்னப் பள்ளிகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துவிட்டு வரும் இளைஞர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். போய்வந்தவர்கள் பேசியிருக்கிறார்கள், அனுப்பிவைத்த ஏஜென்சிக்காரர் பேசியிருக்கிறார், பிள்ளைகள் படத்தில் சிரிக்கிறார்கள். அந்த வகுப்பை வருஷம் முழுக்க நடத்துகிற ஆசிரியர் மட்டும் கட்டுரையில் எங்குமே இல்லை. நான் ஆங்கில ஆசிரியையாக வேலை பார்த்தவள், இந்த மாதிரிப் பள்ளி ஒன்றில் தன்னார்வலராகவும் இருந்தவள். எனக்கு அது பெரிய குறையாகப் பட்டது.

யாரும் போகவே கூடாது என்று சொல்ல வரவில்லை. ஆங்கிலம் அங்கே பல பிள்ளைகளுக்கு மேல்படிப்பின் வாசல், அதில் சந்தேகமே வேண்டாம். தான்சானியாவில் அரசு ஆரம்பப் பள்ளியில் எல்லாப் பாடமும் சுவாஹிலியில் நடக்கிறது, உயர்நிலைக்குப் போனதும் அதே பிள்ளை கணக்கும் அறிவியலும் ஆங்கிலத்தில் படித்தாக வேண்டும். ருவாண்டாவில் 2008-இல் பிரெஞ்சை விட்டுவிட்டு ஆங்கிலத்தைப் பயிற்றுமொழியாக்க முடிவெடுத்தார்கள், அதுவரை பிரெஞ்சில் பாடம் நடத்திப் பழகிய ஆசிரியர்கள் தாங்களே ஆங்கிலம் கற்றுக்கொண்டு அதிலேயே பாடமும் நடத்த வேண்டியதாயிற்று. இப்படிப்பட்ட இடத்துக்கு உதவி தேவை என்றால் அது முதலில் யாருக்குத் தேவை? எனக்குத் தெரிந்து ஆசிரியருக்குத்தான். ஒரு ஆசிரியரின் ஆங்கிலம் கொஞ்சம் தேறினால் அவரிடம் அடுத்த இருபது வருஷம் படிக்கப்போகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் அது போய்ச் சேரும். ஆனால் விளம்பரங்களில் வருவது எப்போதும் பிள்ளைகளின் முகம்தான்.

நான் போன பள்ளியில் வகுப்புக்குள் நுழைந்து “ஹவ் ஆர் யூ?” என்றதும் மொத்த வகுப்பும் எழுந்து நின்று ஒரே ராகத்தில் “ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ, அண்ட் யூ?” என்று பாடியது. சரி, நன்றாகத்தான் ஆரம்பிக்கிறது என்று நினைத்து, காலையில் என்ன செய்தாய் என்று முன்வரிசையில் இருந்த ஒரு பெண்ணை ஆங்கிலத்தில் கேட்டேன். எழுந்தாள், பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள், அப்புறம் ரெட், ப்ளூ, யெல்லோ, க்ரீன் என்று நிறங்களை வரிசையாக ஒப்பித்துவிட்டு உட்கார்ந்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. வந்த தன்னார்வலர்கள் எல்லோரும் நிறம், எண், உடலுறுப்புப் பாட்டு என்று முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறார்கள், பிள்ளைகளோடு நெருக்கமாகும் நேரத்தில் ஊருக்குக் கிளம்பியிருக்கிறார்கள், அடுத்து வந்தவர் மறுபடி நிறத்திலிருந்து. எதுவரை நடத்தினோம், எது ஏறவில்லை என்று ஒரு நோட்டில் எழுதிவைத்துவிட்டுப் போனவர் ஒருவர்கூட இல்லை.

அந்த வகுப்பின் ஆசிரியை, யாராவது தன்னார்வலர் வந்துவிட்டால், பின் பெஞ்சில் போய் உட்கார்ந்து நோட்டுத் திருத்த ஆரம்பித்துவிடுவார். அப்படித்தான் அவரைப் பழக்கியிருந்தார்கள். இத்தனைக்கும் இலக்கணத்தில் அவர் என்னைவிடத் தெளிவு, காலங்களையும் விதிகளையும் கரும்பலகையில் அவர் விளக்குகிற ஒழுங்கு எனக்கு வராது. பேச்சுதான் வராது, ஏனென்றால் அவரோடு ஆங்கிலத்தில் பேச அந்த ஊரில் ஆளே கிடையாது. முதல் வாரம் நான் வெறுமனே உட்கார்ந்து அவர் பாடம் எடுப்பதைப் பார்த்தேன். அதன்பிறகு தினமும் பள்ளி விட்டதும் இருவருமாக அடுத்த நாள் பாடத்தைப் பேசி முடிவு செய்வோம், முடிந்தவரை ஆங்கிலத்திலேயே. ஒரே அறையில் இரண்டு வகுப்புகள், மூன்று பேருக்கு ஒரு புத்தகம், அதனால் ஒரு பக்கம் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருக்கும்போது இன்னொரு பக்கம் பேச வைக்கிற மாதிரி பிரித்துக்கொண்டோம். பழைய அட்டைப்பெட்டிகளை வெட்டிச் சொல் அட்டைகள் செய்தோம், ஒரு பிள்ளை அட்டையை எடுத்துக் கேள்வி கேட்கும், எதிரில் இருக்கிற பிள்ளை பதில் சொல்லும். பாடம் நடத்தியது அவர். நான் அந்தக் கேள்விகளை அவரோடு முன்கூட்டியே பேசிப் பழகிப் பார்க்கிற ஆளாகவும், வகுப்பில் இன்னொரு ஜோடிக் கையாகவும் இருந்தேன். பெரிய மாற்றம் நடந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். பாடப்புத்தகத்தில் இல்லாத கேள்வியை வகுப்பில் சட்டென்று ஆங்கிலத்தில் கேட்கிற தைரியம் அவருக்கு வந்தது, அதைப் பார்த்துப் பிள்ளைகளும் தப்போ சரியோ வாயைத் திறந்தார்கள்.

இதற்குக் காலம் வேண்டும். தன்னார்வலர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பும் அமெரிக்க அரசு அமைப்பான பீஸ் கோர் 1961-இல் முதல் குழுவை கானாவுக்கு அனுப்பியபோது போனவர்கள் ஆசிரியர்கள்தான். இன்றைக்கும் அதில் சேருகிறவர் பொதுவாக 27 மாதம் ஒப்புக்கொண்டு போகிறார், அதில் முதல் மூன்று மாதம் பயிற்சி, போகிற ஊரின் மொழியைக் கற்பதும் அதில் சேர்த்தி. 1958-இல் பிரிட்டனில் தொடங்கிய வி.எஸ்.ஓ. என்ற தன்னார்வ அமைப்பு முதலில் பள்ளிப் படிப்பை முடித்த இளைஞர்களைத்தான் அனுப்பியது, அப்புறம் பட்டதாரிகள், தொழில் தெரிந்து அனுபவமுள்ளவர்கள் என்று மாறிவிட்டது. இவ்வளவு காலமாக இதைச் செய்கிற அமைப்புகளே அப்படி மாறியிருக்கும்போது, இரண்டு வாரப் பயணத்தை “ஒரு பள்ளியையே மாற்றலாம்” என்று சொல்லி விற்பதை உங்கள் கட்டுரை கேள்வி கேட்காமல் விட்டிருக்கக் கூடாது. எல்லோராலும் இரண்டு வருஷம் போக முடியாது, புரிகிறது. முடியாதவர்கள் ஒரு பருவம் முழுக்கவாவது இருங்கள், அதுவும் முடியாது என்றால் அங்குள்ள ஒரு ஆசிரியரோடு வாரம் ஒருமுறை இணையம் வழியாக ஆங்கிலத்தில் பேசுங்கள். அதில் ஃபோட்டோ எதுவும் கிடைக்காதுதான், ஆனால் இரண்டு வாரப் பயணத்தைவிட அது நிச்சயம் பயன்படும்.

சான்றிதழ் விஷயமும் ஒன்று உண்டு. ஆங்கிலத்தை அந்நிய மொழியாகக் கற்பிக்கப் பயிற்சி தருகிற டெஃபல் படிப்பை இணையத்தில் 120 மணி நேரம் என்று விற்கிறார்கள், பலவற்றில் ஒரு மாணவர் முன்னால்கூட நிற்காமல் முடித்துவிடலாம். செல்டா என்கிற கேம்பிரிட்ஜ் ஆசிரியர் சான்றிதழ் படிப்புக்கும் கிட்டத்தட்ட அதே மணிக்கணக்குதான், ஆனால் அதில் உண்மையான மாணவர்களுக்கு ஆறு மணி நேரம் பாடம் எடுத்துக் காட்டியாக வேண்டும். அதுகூடப் பெரியவர்களுக்குக் கற்பிக்கிற பயிற்சிதான், ஏழு வயதுப் பிள்ளைகள் ஐம்பது பேர் இருக்கிற அறைக்கு அது போதாது. போவதற்கு முன்னால் உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற ஏதாவது ஒரு பள்ளியில் சில மாதம் உதவி ஆசிரியராக நின்று பாருங்கள். இன்னொன்று, ஆங்கிலம் தாய்மொழியாக இருப்பவர்தான் வேண்டும் என்று சில ஏஜென்சிகள் கேட்பது எனக்குப் பிடிப்பதே இல்லை. பள்ளியில் தட்டுத்தடுமாறி இந்த மொழியைக் கற்றுக்கொண்டவருக்குத்தான் ஒரு பிள்ளை எந்த இடத்தில் சிக்கிக்கொள்ளும் என்று தெரியும்.

விசா பற்றி ஒரு வரிகூட கட்டுரையில் இல்லாதது ஆச்சரியம். தாய்லாந்தில் சம்பளம் இல்லாத தன்னார்வ வேலைக்கும் ஒர்க் பெர்மிட் வேண்டும், நேபாளத்தில் சுற்றுலா விசாவை வைத்துக்கொண்டு தன்னார்வ வேலை செய்ய அனுமதி கிடையாது. “டூரிஸ்ட் விசாவே போதும், யாரும் கேட்க மாட்டார்கள்” என்று ஏஜென்சி சொன்னால் அந்த ஏஜென்சியே வேண்டாம். மாட்டிக்கொண்டால் உங்களுக்கு மட்டுமில்லாமல் பள்ளிக்கும் பிரச்சினை.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது, பள்ளி என்ற பெயரில் ஆதரவற்றோர் விடுதிகளுக்கு ஆள் அனுப்புவது. கம்போடியாவிலும் நேபாளத்திலும், அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கிற பிள்ளைகளையே விடுதியில் கொண்டுவந்து வைத்து, வெளிநாட்டுத் தன்னார்வலர்களிடமும் நன்கொடையாளர்களிடமும் காசு பார்த்த சம்பவங்கள் வெளியே வந்திருக்கின்றன. உங்களிடம் போலீஸ் சான்றிதழ்கூடக் கேட்காமல், போய் இறங்கிய மறுநாளே பிள்ளைகளோடு தனியாக விடுகிற இடம் என்றால் தயவுசெய்து போகாதீர்கள். அங்கே உங்களைக் கேட்காதவர்கள் வேறு யாரையும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, அங்குள்ள ஒரு தலைமையாசிரியரிடமோ வகுப்பு ஆசிரியரிடமோ உங்கள் நிருபர் பேசட்டும். எந்த மாதத்தில் யார் வந்தால் உதவி, யார் வந்தால் தொந்தரவு, தன்னார்வலர் கட்டுகிற பணத்தில் பள்ளிக்கு எவ்வளவு வருகிறது, கிளம்பிப் போன பிறகு யாராவது ஒரு கடிதமாவது போட்டார்களா என்று கேளுங்கள். அந்தப் பதில்களை ஏஜென்சிக்காரரின் பேட்டிக்குக் கொடுத்த அதே அளவு இடத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர்