இடுக்கியின் மழை எச்சரிக்கையும் தேனிப் பதிப்பில் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024ஆம் ஆண்டில் உலகின் சராசரி வெப்பநிலை, தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட ஏறத்தாழ 1.55 டிகிரி செல்சியஸ் கூடியிருந்ததாக உலக வானிலை அமைப்பு அறிவித்தது. இத்தகைய செய்திகள் நம் நாளிதழ்களில் பெரும்பாலும் உலகச் செய்திப் பக்கத்தின் ஓரத்தில் ஒதுங்கிவிடுகின்றன. விடியுமுன்னே தூக்குச்சட்டியும் கொங்காணிச் சாக்குமாகப் போடியிலும் கம்பத்திலும் ஜீப் ஏறி, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்களுக்கு இது வெளியூர்ச் சங்கதி அன்று.

காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் அது தாங்கக்கூடிய ஈரம் சுமார் 7 விழுக்காடு கூடும். அந்த ஈரம் மலைச்சரிவில் சில மணி நேரத்தில் கொட்டும்போதுதான் மண் பிடிப்பை விடுகிறது. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் நிலச்சரிவை உண்டாக்கிய மழை, புவி வெப்பமடைந்ததால் ஏறத்தாழ 10 விழுக்காடு கடுமையாகியிருந்தது என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். அதே ஆண்டின் கோடையில் இடுக்கியின் ஏலச்செடிகள் காய்ந்து கருகியதையும், அதனால் பலருக்கு வேலைநாள் குறைந்ததையும் இங்கே அறியாதவர் இல்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மண்ணுக்குள் போன 70 பேரில் பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். அச்செய்தி வெளியுலகுக்கு எட்டவே மறுநாள் காலை ஆயிற்று.

வானிலை எச்சரிக்கை மாவட்ட வாரியாக வெளியிடப்படுகிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தேனி மழை மறைவுப் பகுதி என்பதால், இடுக்கிக்குச் சிவப்பு எச்சரிக்கை உள்ள நாளிலும் தேனிக்கு எதுவும் இல்லாமல் இருக்கலாம். தமிழ் நாளிதழைப் பார்த்துவிட்டு ஜீப் ஏறுபவருக்கு மலைக்கு அப்பால் காத்திருப்பது தெரிவதில்லை. மலையாளத்தில் வருவதை அவர்கள் படிப்பதுமில்லை. சிவப்பு எச்சரிக்கை என்றால் என்னவென்று எங்கள் தெருவில் கேட்டேன். "பள்ளிக்கூடத்துக்கு லீவு" என்றார் ஒருவர். 24 மணி நேரத்தில் 204.4 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யக்கூடும் என்பது அதன் பொருள் என்று எவரும் அவருக்குச் சொன்னதில்லை.

ஆகவே, ஜூன் முதல் செப்டம்பர் வரை இடுக்கி மாவட்டத்திற்கான எச்சரிக்கையையும், அந்த நிறம் எத்தனை மில்லிமீட்டர் மழையைக் குறிக்கிறது என்பதையும் தேனிப் பதிப்பின் முதல் பக்கத்தில் நாள்தோறும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஜீப்புகள் புறப்படும் இடத்துத் தேநீர்க் கடைக்குத் தங்கள் நாளிதழ் அவற்றுக்கு முன்பே வந்துவிடுகிறது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
போடிநாயக்கனூர்.