கிராஃப் கட்டமும் திரைப் புள்ளியும்

பீளமேடு, கோவை

அன்புள்ள மாப்ள,

கடிதம் கிடைத்தது. அத்தைக்குக் கண் ஆபரேசன் நல்லபடியாக முடிந்தது கேட்டு நிம்மதி. சொட்டு மருந்து மட்டும் நேரம் தவறாமல் விடச் சொல்லு. இங்கே சாயங்காலமானால் மேகம் கட்டுகிறது, இறங்கத்தான் மாட்டேங்குது. சென்னிமலைப் பக்கம் எப்படி?

தறியில் பூ வேலை நெய்ய உதவும் உன் ஜக்கார்டு டிசைன் சாஃப்ட்வேர் புது லேப்டாப்களில் மங்கலாகத் தெரிகிறது என்று தறிக்காரர்கள் சொல்வதாக எழுதியிருந்தாய். திரையில் எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கேலிங்தான் காரணம். விண்டோஸுக்கு 100 சதவீத ஸ்கேலிங் என்பது அங்குலத்துக்கு 96 புள்ளி, இதைத்தான் டிபிஐ என்கிறோம். 125 சதவீதம் என்றால் 120, 150 என்றால் 144, 200 என்றால் 192. உன் சாஃப்ட்வேர் தன்னைப் பற்றி எதுவும் அறிவிக்காததால், இதற்கு 96 மட்டும்தான் தெரியும் என்று விண்டோஸ் முடிவு கட்டுகிறது. சின்னதாக வரையவிட்டு, வரைந்த படத்தை இழுத்துப் பெரிதாக்கிக் காட்டுகிறது. பாஸ்போர்ட் போட்டோவை பிளக்ஸ் பேனருக்கு இழுத்த கதைதான். ஆனால் மங்கினாலும் ஒரு பட்டன்கூட இடம் மாறாது. கூர்மை வேண்டுமென்றால் அந்தப் பாதுகாப்பை நாமே கழற்றியாகோணும். அதனால் புரோகிராம் தன்னைப் பற்றி விண்டோஸுக்கு அறிவிக்கும் மேனிஃபெஸ்ட் கோப்பில், ஒவ்வொரு மானிட்டரின் டிபிஐக்கும் நானே வரைந்துகொள்கிறேன் என்று சொல்லும் 'பெர்மானிட்டர்வி2' வரியை இன்றே உன் மெஷினில் போட்டுக்கொள், தறிக்காரர் கைக்கு அது கடைசியில் போகட்டும்.

அதுவரை அவர்களுக்கு ஒரு தற்காலிக வழி உண்டு. இஎக்ஸ்இ கோப்பில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, அங்கே 'சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்'. அடியில் உள்ள டிக் போட்டு 'சிஸ்டம் என்ஹான்ஸ்டு' என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல். விண்டோஸ் 10-இல் 2017-ஆம் ஆண்டு கிரியேட்டர்ஸ் அப்டேட்டிலிருந்து இது இருக்கிறது. ஜிடிஐ என்ற விண்டோஸின் பழைய வரைகலை முறையில் எழுதும் எழுத்தும் கோடும் கூர்மையாகிவிடும், புள்ளிகளாகச் சேமித்த பிட்மேப் படம் மட்டும் மங்கலாகவே நிற்கும். விஷுவல் பேசிக் 6-இல் எழுதிய உன் பில்லிங் புரோகிராமுக்கு இதுவே போதும் என்பேன். அதைத் தொடாதே. அங்கே எல்லா அளவும் ட்விப்ஸ் என்ற அலகில் இருக்கிறது, அங்குலத்துக்கு 1440. 96-க்கு அது ஒரு புள்ளிக்கு 15 என்று வகுபடும், 144-க்கு 10. 175 சதவீதத்தின் 168-க்கு வகுபடாது, அங்கேதான் கட்டங்கள் நழுவும்.

இப்போது கேன்வாஸ், அதாவது டிசைன் வரையும் பரப்பு. எல்லோரும் தவறுவது இங்கேதான்.

உன் டிசைன் கோப்பில், அதாவது கிராஃபில், ஒரு பிக்சல் என்பது ஒரு ஹூக்கும் (நீளவாட்டில் ஓடும் பாவு நூலைத் தூக்கும் கொக்கி) ஒரு பிக்கும் (குறுக்கே ஓடும் ஊடை நூல்) சேரும் இடம். அது திரைப் புள்ளி கிடையாது, எந்த ஸ்கேலிங்கும் அதைத் தொடக் கூடாது. திரையில் அதைக் காட்டும் கட்டம்தான் நமக்குப் பிரச்சினை. ரீடு 60, பிக் 48 உள்ள (அங்குலத்துக்கு 60 பாவு நூல், 48 ஊடை நூல்) பெட்ஷீட்டை எடுத்துக்கொள். பாவு நெருக்கம் என்பதால் கட்டம் அகலம் குறைந்து உயரம் கூடி நிற்கும், 4க்கு 5. 100 சதவீதத்தில் ஒரு கட்டம் 4 புள்ளி அகலம், 5 புள்ளி உயரம், கச்சிதம். 150-இல் இதை அப்படியே பெருக்கினால் 6க்கு 7.5. அரைப் புள்ளி என்று ஒன்று கிடையாது. மொத்தப் படத்தையும் ஸ்ட்ரெட்ச் பண்ணினால் ஒரு வரிசை 7, அடுத்தது 8 என்று மாறி மாறி விழும். ட்வில் என்ற சாய்வு நெசவின் கோடு படிக்கட்டுபோல் உடையும், தறிக்காரர் அதைக் கட்டுமானத் தவறு என்று நினைத்து நல்ல கிராஃபைத் திருத்தப் போய்விடுவார். ஒவ்வொரு கட்டத்தையும் 8 என்று ரவுண்டு பண்ணினால் கோடு ஒழுங்காக வரும், ஆனால் 6க்கு 8 ஆகி, பூ ஏறக்குறைய 7 சதவீதம் நீண்டு தெரியும். திரையைப் பார்த்து அவர் பூவைக் குறுக்குவார், துணியில் பூ சப்பையாக வரும்.

அதனால் டிபிஐயை வைத்துக் கட்டத்தைப் பெருக்கவே பெருக்காதே. ஜூம் படிகளை 4×5, 8×10, 12×15 என்று முழு மடங்குகளாக மட்டும் வை. கோப்பைத் திறக்கும்போது எந்தப் படியில் தொடங்குவது என்பதை மட்டும் டிபிஐ சொல்லட்டும்: 125 வரை 4×5, 150-இலிருந்து 8×10. ரீடும் பிக்கும் மாறும்போது அந்த விகிதத்தின் மிகச் சிறிய முழு எண் ஜோடியை எடுத்துக்கொள். கட்டங்களுக்கு நடுவே ஓடும் கோடு 150 வரை 1 புள்ளி, 200-இல் 2. பெயின்ட் பண்ணும்போது மவுஸ் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை இதே கட்ட அளவால் வகுத்துக் கண்டுபிடி, டிபிஐயை நடுவில் கொண்டுவராதே.

கேன்வாஸுக்கு வெளியே நேர் எதிர். டூல்பார், பேனல், இடைவெளி எல்லாமே டிபிஐயோடு வளர வேண்டும். 96-க்கான மூல எண்ணை மட்டும் கோடிங்கில் வைத்து, தேவைப்படும்போதெல்லாம் பெருக்கி வகுத்து ரவுண்டு பண்ணும் 'மல்டிவ்' போட்டுப் புதிதாகக் கணக்கிடு. ஏற்கெனவே பெருக்கிய எண்ணைத் திரும்பப் பெருக்கினால் நழுவும். 125-இல் 17 ஆக இருந்த உயரம் 100-க்குப் போனால் 13.6, அதாவது 14. திரும்ப 125-க்கு வந்தால் 17.5, அதாவது 18. போய்வந்ததற்கே ஒரு புள்ளி கூடிவிட்டது.

லேப்டாப்பிலிருந்து ஆபீஸ் மானிட்டருக்கு விண்டோவை இழுக்கும்போது விண்டோஸிடமிருந்து 'டபிள்யூஎம் டிபிஐ சேஞ்ச்டு' என்ற செய்தி வரும். புது டிபிஐ அந்தச் செய்தியின் டபிள்யூ-பாராமில், விண்டோ இருக்க வேண்டிய செவ்வகம் எல்-பாராமில். அந்தச் செவ்வகத்தை அப்படியே விண்டோவை நகர்த்தும் 'செட் விண்டோ போஸ்' கையில் கொடு. நீயாக வேறு அளவு போட்டால், அளவு மாறிய விண்டோ மறுபடி பழைய மானிட்டரில் அதிகமாக விழலாம், அங்கிருந்து அடுத்த செய்தி வரும், இரண்டுக்கும் நடுவே நின்று துடிக்கும். டெம்ப்ளேட்டில் செய்த டயலாக்குகளை பெர்மானிட்டர்வி2 தானே பார்த்துக்கொள்ளும். டூல்பார் படங்கள் உன் பொறுப்பு. 16, 20, 24, 32 நான்கு அளவிலும் தனித்தனியாக வரைந்துவிடு. 16-ஐ இழுத்து 20 ஆக்கினால் பென்சில் ஐகான் அழுக்குபோல் இருக்கும்.

வரிசை உயரத்துக்கு எண்ணே போடாதே. 'நூல் கவுண்ட்' என்ற தலைப்பில் 'நூ'வின் கீழ்வளைவும் 'வு'வின் கீழ்ச்சுழியும் முதலில் வெட்டுப்படும். ஆங்கில எழுத்துக்குச் சரியாக இருக்கும் 20 புள்ளி தமிழுக்கு நெருக்கடி. ஃபான்ட்டை அந்த டிபிஐக்குப் புதிதாக உருவாக்கி, எழுத்தின் அளவைச் சொல்லும் 'கெட் டெக்ஸ்ட் மெட்ரிக்ஸ்' தரும் உயரத்தோடு மேலும் கீழும் கொஞ்சம் விட்டு வரிசையை அமை.

பிரின்டிங்கில் கவனம். டிபிஐக்காக 'லாக்பிக்சல்ஸ்எக்ஸ்' கேட்கும் இடங்களையெல்லாம் தேடி, திரை விண்டோவின் டிபிஐயை மட்டும் தரும் 'கெட் டிபிஐ ஃபார் விண்டோ' என்று மொத்தமாக மாற்றிவிடாதே. பிரின்டருக்குத் தன் டிபிஐ தனி. 600 டிபிஐ பிரின்டரில் 96-ஐ வைத்து வரைந்தால் கிராஃப் ஆறில் ஒரு பங்குக்குச் சுருங்கித் தாளின் மூலையில் விழும். ஸ்கேனர் டிரைவரின் பழைய டயலாக் புது முறையில் கோணல்மாணலாக வந்தால், அதைத் திறப்பதற்கு முன் 'செட் த்ரெட் டிபிஐ அவேர்னஸ் கான்டெக்ஸ்ட்' கொண்டு அதை ஓட்டும் த்ரெட்டை (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் ஒரு சரடு) மட்டும் பழைய முறைக்கு மாற்றி, மூடியதும் திரும்பக் கொண்டுவா.

இன்னொன்று. விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் நீ சேமித்திருக்கும் விண்டோ இடமெல்லாம் 96 என்று பாவித்த பழைய போலிக் கணக்கில் இருக்கிறது. அப்டேட் போட்ட முதல் நாள் விண்டோ சின்னதாக எங்கோ திறக்கும். இனிச் சேமிக்கும்போது டிபிஐயையும் சேர்த்தே எழுது. டிபிஐ இல்லாத பழைய பதிவைக் கண்டால் ஒதுக்கிவிடு.

சோதிக்க விலை உயர்ந்த மானிட்டர் வேண்டாம். லேப்டாப்பை 150-இல் வைத்து, ஆபீஸ் மானிட்டரை 100-இல் வைத்து, விண்டோஸ்-ஷிப்ட்-அம்புக்குறியால் விண்டோவை இருபது தடவை அங்கேயும் இங்கேயும் தாவ விடு. பொறவு மவுஸால் மெதுவாக இழுத்து நடுவில் நிறுத்திப் பார். விண்டோ திறந்திருக்கும்போதே மானிட்டர் கேபிளைப் பிடுங்கு. டாஸ்க் மேனேஜரில் டீட்டெயில்ஸ் பக்கத்தில் 'டிபிஐ அவேர்னஸ்' என்ற நெடுவரிசையைச் சேர்த்தால், மேனிஃபெஸ்ட் உண்மையிலேயே ஏறியதா என்று அதுவே காட்டும்.

தீபாவளி ஆர்டர் ஓடும்போது வெளியிடாதே. அப்போது ஒரு கிராஃப் தவறினால் தறி நின்றுவிடும், நஷ்டம் அவர்களுக்கு. கார்த்திகையில் விடலாம். ஐகான்களை வரைந்து முடித்ததும் அனுப்பு. 125-இல் ஒரு செட், 200-இல் ஒரு செட் ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன். கூடவே 60க்கு 48-இல் ஒரு பெட்ஷீட் டிசைன் கோப்பும் இருந்தால் நல்லது, நிஜக் கிராஃபில் பார்த்தால்தான் திருப்தி.

அத்தையைக் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
உன் பீளமேட்டு நண்பன்