கோல்டு கார்டு வாங்குன அம்மிணிக்கு

அம்மிணி கண்ணு,

நேத்து போன்ல நீ கேட்டதுக்கு நான் பாதிதான் சொன்னேன், அதுக்குள்ள உங்கம்மா போனை வாங்கிட்டா, அதான் இப்ப ஒக்காந்து டைப் பண்றேன். அடிக்கடி பறக்கறவங்களுக்கு ஏர்லைன்ல குடுக்கற கார்டு கோல்டு ஆயிருச்சு, அடுத்த மாசம் ஆபீஸ்ல நாலு பேரு ஒட்டுக்கா ஃபிராங்க்ஃபர்ட் போறோம், எனக்கு மட்டும் ஏர்போர்ட்ல ஒக்காந்து சாப்புடற தனி எடம், அதான் லவுஞ்ச், இருக்குது, கூட ஒருத்தரைத்தான் கூட்டிட்டு போக முடியும், மேனேஜரைக் கூப்புடட்டுங்களாப்பா இல்ல பேசாம நான் மட்டும் போயி ஒக்காந்துக்கட்டுங்களான்னு கேட்ட. சின்ன விசயந்தாங்கப்பான்னு வேற சொன்ன. சின்ன விசயம் இல்ல கண்ணு, கூட வேலை செய்யறவங்க மனசுல இது வருசக்கணக்குல நிக்கும்.

உன் கார்டு ஸ்டார் அலையன்ஸ் கார்டு, அது 1997ல அஞ்சு ஏர்லைன் சேந்து ஆரம்பிச்ச கூட்டணி, நம்ம ஏர் இந்தியா அதுல 2014லதான் சேந்துச்சு. எந்த ஏர்லைன் வழியா கோல்டு வாங்கியிருந்தாலும் பொதுவா ரூல் இதான், எகானமி டிக்கெட்டா இருந்தாலும் லவுஞ்சுக்குள்ள போலாம், அதே ஃப்ளைட்ல வர்ற ஒருத்தரை கூட்டிக்கலாம். நீங்க நாலு பேரு. நீயும் இன்னொருத்தரும் உள்ள, ரெண்டு பேரு வெளிய. சிக்கலே அங்கதான் இருக்குது. கல்யாண வீட்டுக்கு ஒட்டுக்கா போன நாலு பேர்ல ஒருத்தனை மட்டும் கையப் புடிச்சு மொதப் பந்தியில ஒக்கார வெச்சா மத்தவங்களுக்கு சோத்தைப் பத்தியா வெசனம், நம்மளை விட்டுட்டாங்களேங்கறதுதான் வெசனம். அதனால மேனேஜரைக் கூப்புடாத. நீ மரியாதைக்கு கூப்புட்டாலும் அந்த ரெண்டு பேரு கண்ணுக்கு அது காக்கா புடிக்கற மாதிரிதான் தெரியும், அந்த மனுசனுக்கும் வர்றதா வேண்டாமான்னு சங்கட்டம்.

நான் கரூர்ல எக்ஸ்போர்ட்ல இருந்தப்ப ஜனவரி வந்தா ஃபிராங்க்ஃபர்ட் ஹைம்டெக்ஸ்டைல் கண்காட்சிக்கு கெளம்பிருவோம், உனக்குத்தான் தெரியுமே. ஒரு வருசம் நான் முன்னாடியே போயிட்டேன், பின்னாடி வந்த மூணு பேர்ல கார்டு வெச்சிருந்த ஆபீசர் ஒருத்தர் ட்ரான்சிட்ல மெர்ச்சண்டைசரை மட்டும் கூட்டிட்டு லவுஞ்சுக்கு போயிட்டாரு, இதா வந்தர்றோம் பைய பாத்துக்கங்கன்னு சொல்லிட்டு. வெளிய ஒக்காந்தவரு எங்க சாம்பிள் மாஸ்டர், அம்பது வயசு மனுசன், வெளிநாடு போறது அதான் மொதத் தடவை. மூணு பேரு பையும் அவருகிட்ட. பைய தனியா விட்டுட்டுப் போனா செக்யூரிட்டி எடுத்துட்டு போயிருவாங்கன்னு அனவுன்ஸ்மெண்ட்ல சொல்லிட்டே இருக்கறாங்க, அவரு பயந்துட்டு பை வாரை ரெண்டு கையிலயும் சுத்தி வெச்சிட்டு பாத்ரூம்கூட போகாம ஒக்காந்திருக்காரு. அப்பறம் கேட் மாறிருச்சு, போர்டுல கேட் நம்பர் மாறுனது அவருக்குப் புரியல, அங்க கிளீனிங் வேலை செஞ்சிட்டு இருந்த ஒரு மலையாளிதான் பாத்து சொல்லியிருக்காரு. ஸ்டால்ல டேபிள் கிளாத்தை ஹேங்கர்ல மாட்டிட்டே இதை என்கிட்ட சொன்னாரு, கோவமா சொல்லல, ஆனா அதுக்கப்பறம் அந்த ஆபீசர் கேட்டா மட்டும் அவரு ஒரு சாம்பிளையும் ராத்திரி இருந்து முடிச்சு குடுத்தது இல்ல.

லவுஞ்சுக்கு போனது தப்புன்னு நான் சொல்ல வரல. அது உனக்கு சேர்ந்தது, நீ ராத்திரி பகல் பாக்காம பறந்து சேத்தது. சொல்லாம போறதும் ஒருத்தரை மட்டும் பொறுக்கி எடுக்கறதும்தான் தப்பு. கெளம்பறதுக்கு முன்னாடியே குரூப்ல போட்டுரு, எனக்கு லவுஞ்ச் இருக்குது, ஒருத்தரைத்தான் கூட்டிட்டு போக முடியும், அதனால நான் கொஞ்ச நேரம் போயி ஒரு கால் முடிச்சிட்டு போர்டிங்குக்கு முன்னாடி கேட்டுக்கு வந்தர்றேன்னு. முன்னாடியே தெரிஞ்சா யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க, போச்சாது போயிட்டு வாங்கன்னு அவங்களே சொல்லுவாங்க. யாருக்காச்சும் முடியல, மாசமா இருக்கறாங்க, காய்ச்சல்னா அவங்களை கூட்டிட்டு போ, அதை எல்லார் முன்னாடியும் சொல்லிட்டே கூட்டிட்டு போ. இப்பல்லாம் பாதிப் பேரு கிரெடிட் கார்டுலயே லவுஞ்ச் வெச்சிருக்காங்க, அதையும் ஒரு வார்த்தை கேட்டு வெய்யி.

லவுஞ்சை விட பெருசு லக்கேஜ், அதை யாரும் ரோசனை பண்றதில்ல. உன் கார்டுக்கு எடைக் கணக்குன்னா 20 கிலோ, உருப்படிக் கணக்குன்னா ஒரு பெட்டி சேத்தி குடுப்பாங்க. டெமோ சாமான், பேனர் எல்லாம் உன் பேர்ல போட்டுக்கோ, கம்பெனிக்கு காசு மிச்சம், மத்த மூணு பேரு சுமையும் கொறையும். போர்டிங்லயும் அதேதான், கோல்டுன்னா மொதல்லயே ஏத்திருவாங்க. கடைசி குரூப்ல வர்றவங்களுக்கு மேல எடம் இருக்காது, பைய கீழ அனுப்பச் சொல்லிருவாங்க, அதனால ஒடையற சாமான் இருக்கற பைய நீ வாங்கிக்கோ, உன் துணிப் பைய அவங்ககிட்ட குடுத்துரு. ப்ரையாரிட்டி டேக்ல உன் பெட்டி மொதல்ல வந்துரும், வந்ததும் டாக்சி புடிச்சு போயிராத, எல்லாம் வர்ற வரைக்கும் நின்னு கூட்டிட்டு போ.

எகானமியில இருந்து பிசினஸ் கிளாஸுக்கு அப்கிரேடு கெடச்சா வாங்கிக்கோ, வேண்டாம்னு சொல்லாத. ராத்திரி ஃப்ளைட்டு, காலைல எறங்கி நீதான் பேசோணும், படுத்து தூங்கிட்டு போ. அதை இன்னொருத்தருக்கு மாத்தறது கவுண்டர்ல இருக்கறவங்க இஷ்டம், பெரும்பாலும் விட மாட்டாங்க. ஆனா பிசினஸ் கிளாஸ் சீட்டை போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வெக்காத கண்ணு, பின்னாடி காலை மடக்கி ஒக்காந்துட்டு வர்றவங்க போன்லயும் அது வரும்.

இன்னொண்ணு, இதுல நான் கண்டிப்பாவே சொல்றேன். மைல்ஸ், அதான் பறந்தா கார்டுல ஏர்ற பாயிண்ட், சேரோணும்னு நேரா போற ஃப்ளைட்டை விட்டுட்டு சுத்தி போற டிக்கெட்ட டீமுக்கே போட வெக்கறவங்க இருக்கறாங்க. மைல்ஸ் உன் கணக்குல ஏறுது, காசு கம்பெனிது, தூக்கம் கெடறது மத்தவங்களுது. அந்த வேலை மட்டும் வேண்டாம்.

திரும்பி வரும்போது இவ்வளவு பாக்க வேண்டியதில்ல, வேலை முடிஞ்சு எல்லாருக்கும் அலுப்பு, அவங்கவங்க வழியப் பாத்துக்குவாங்க, நீயும் நிம்மதியா லவுஞ்சுல ஒக்காந்து சாப்புடு. போகும்போது மட்டும் அந்த நாலு பேர்ல மொதத் தடவை வெளிநாடு வர்றது யாருன்னு இப்பவே கேட்டு வெச்சுக்கோ. அப்படி ஒருத்தர் இருந்தா அன்னைக்கு லவுஞ்சு வேண்டாம், இமிக்ரேசன் தாண்டுனதுல இருந்து ஃப்ளைட்ல ஏறுற வரைக்கும் அவங்க பக்கத்துலயே இரு.

டிக்கெட் போட்டதும் தேதி சொல்லு.

அப்பா