விரலை வைத்துப் பார், பிறகு ஹோஸைச் செருகு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு பிளக்குக்கும் மின்பொறியைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் இடுப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தத் தட்டையான தகர டப்பாதான் வேக்குவம் அட்வான்ஸ் யூனிட்; எஞ்சினின் உறிஞ்சலைக் கொண்டு தீப்பொறியை முன்கூட்டியே விழவைப்பது. அதன் முனை காலியாக இருக்கிறது. கார்புரேட்டரிலிருந்து வரும் ஹோஸின் வாயில் யாரோ ஒரு சின்ன போல்டைத் திருகி அடைத்திருக்கிறார்கள். "நின்ற இடத்தில் நன்றாக ஓடுகிறது, சாலையில் இழுவை இல்லை, பெட்ரோலும் அதிகம் குடிக்கிறது" என்று நீ எழுதியதற்கும் இந்தப் போல்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது.

ஆனால் போல்டைப் பிடுங்கிவிட்டு ஹோஸை உடனே மாட்டிவிடாதே. அடைத்தவருக்கு ஏதோ ஒரு தொல்லை இருந்திருக்கும். யூனிட்டுக்குள் இருக்கும் சவ்வு, அதாவது டயஃப்ரம், கிழிந்து காற்று இழுத்திருக்கலாம். ஹோஸ் மாட்டியதும் எஞ்சின் நாக்கிங் (உள்ளே டக் டக் என்று தட்டும் சத்தம்) அடித்திருக்கலாம். உள்ளே ஒயர் அறுந்து மிஸ்ஃபயர் (பொறி தவறுவது) ஆகியிருக்கலாம். தொல்லையைத் தீர்க்காமல் அதன் வாயை மட்டும் அடைத்திருக்கிறார். அது என்னவென்று முதலில் தெரிய வேண்டும்.

இந்த ஹோஸ் எதற்கு என்பதை ஒருமுறை மனதில் வாங்கிக்கொள். சமதரையில் பெடலை லேசாக மிதித்து ஓட்டும்போது சிலிண்டருக்குள் கொஞ்சம் கலவைதான் போகிறது, அதுவும் மெலிந்த கலவை. மெலிந்த கலவை மெதுவாக எரியும். அதனால் தீப்பொறி முன்கூட்டியே விழ வேண்டும். முழுசாக மிதித்தால் சிலிண்டர் நிறைகிறது, அடர்ந்த கலவை வேகமாக எரிகிறது, அவ்வளவு முன்னால் பொறி கூடாது, விழுந்தால் நாக்கிங். லேசாக மிதிக்கும்போது மேனிஃபோல்டில் (கார்புரேட்டரிலிருந்து சிலிண்டருக்குக் கலவை போகும் குழாய்) வேக்குவம், அதாவது உறிஞ்சல், அதிகம், முழுசாக மிதித்தால் அது அநேகமாக இல்லாமல் போகும். இதைப் பயன்படுத்தித்தான் டயஃப்ரம், பொறியைத் தூண்டும் பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டை இழுக்கிறது, விடுகிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் எடைகளும் ஸ்பிரிங்குகளும் செய்வது வேறு வேலை. அவை சுற்று வேகத்தை மட்டும் பார்க்கும், நீ எவ்வளவு மிதிக்கிறாய் என்பது அவற்றுக்குத் தெரியாது. எனவே ஹோஸ் இல்லாமலும் வண்டி ஓடும்; பாதி மிதியில்தான் சோம்பும், சூடாகும், எரிபொருளைத் தின்னும்.

இப்போது கார்புரேட்டர். உன் படத்தில் மூன்று முனைகள் தெரிகின்றன. அடியில் தடிமனாக இருப்பது கிரேங்க்கேஸ் புகையை உள்ளே இழுக்கும் பிசிவி வழி, அதைத் தொடாதே. மீதி இரண்டும் ஒல்லி, பார்க்க ஒரே மாதிரி. குழப்பம் இங்கேதான். ஒன்றின் துளை, பெடல் திறக்கும் த்ராட்டில் தட்டுக்குச் சற்று மேலே திறக்கும்: ஐடிலிங்கில் (பெடலைத் தொடாமல் எஞ்சின் மெதுவாக ஓடும்போது) வேக்குவம் இருக்காது, பெடலைத் தொட்டதும் வரும். இதைப் 'போர்ட்டட்' என்பார்கள். இன்னொன்று தட்டுக்குக் கீழே திறக்கும்: எஞ்சின் ஓடும்போது ஐடிலிங்கிலேயே இழுக்கும். அது மேனிஃபோல்ட் வேக்குவம். வெளியே முனை இருக்கும் உயரத்தை வைத்து முடிவு செய்யாதே. உள்ளே துளை எப்படி வேண்டுமானாலும் வளைந்து போயிருக்கலாம்.

விரல்தான் சாட்சி. எஞ்சின் நன்றாகச் சூடாகி ஐடிலிங்கில் ஓடட்டும். ஒரு முனையின் மூடியைக் கழற்றி விரல் நுனியை வை. சதையை உறிஞ்சிப் பிடித்தால் மேனிஃபோல்ட். ஒன்றுமே இல்லையென்றால் அடுத்த கையால் த்ராட்டில் லிங்க்கை மெல்லத் திற. அப்போது உறிஞ்ச ஆரம்பித்தால் போர்ட்டட். வேக்குவம் கேஜ் இருந்தால் இன்னும் நல்லது. ஆரோக்கியமான எஞ்சின் கடல்மட்டத்தில் ஐடிலிங்கில் 17 முதல் 21 அங்குலம் (பாதரசக் கணக்கில்) காட்டும். உயரம் 1,000 அடி கூடினால் ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும்.

இதில் ஏமாற ஒரு இடம் இருக்கிறது. ஐடிலிங் ஸ்க்ரூவை யாராவது அதிகமாக உள்ளே திருகி வைத்திருந்தால் த்ராட்டில் தட்டு ஏற்கெனவே கொஞ்சம் திறந்து, போர்ட்டட் துளையைத் தாண்டிவிட்டிருக்கும். அப்போது இரண்டு முனைகளுமே ஐடிலிங்கில் உறிஞ்சும். "இரண்டும் மேனிஃபோல்ட்தான் போல" என்று ஏமாந்துவிடாதே. ஸ்க்ரூவைத் தளர்த்தி வேகத்தைக் குறைத்து மறுபடி விரலை வை.

எதில் மாட்டுவது? உன் எஞ்சினின் புத்தகமோ பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் வரைபடமோ சொல்வதுதான் சரி. அந்த யூனிட்டையும் அடிப்படை டைமிங்கையும் (பொறி விழும் நேரம்) அதற்காகத்தான் கணக்குப் போட்டிருப்பார்கள். போர்ட்டட் என்பது புகைக் கட்டுப்பாட்டுக்காகப் பிற்பாடு வந்த தந்திரம் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். நம்பாதே, 1950களிலேயே அப்படி மாட்டிய எஞ்சின்கள் உண்டு. ஐடிலிங்கில் டைமிங்கைப் பின்தள்ளிப் புகையைக் குறைக்கப் பின்னாளில் அது கைகொடுத்தது, அவ்வளவுதான். மேனிஃபோல்டில் மாட்டுவதானால் ஒரு நிபந்தனை: ஐடிலிங் வேக்குவத்தைவிட இரண்டு அங்குலமாவது குறைவான வேக்குவத்திலேயே யூனிட் முழுசாக இழுத்து முடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் பாயிண்ட் தட்டு பாதி வழியில் நின்று முன்னும் பின்னும் ஆடும், ஐடிலிங் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

மாட்டுமுன் யூனிட்டைச் சோதி. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்று. யூனிட் முனையில் புது ஹோஸ் துண்டு ஒன்றைப் போட்டு வாயால் உறிஞ்சு. பழையதை வாயில் வைக்காதே, உள்ளே பெட்ரோல் இருக்கும். உறிஞ்சியதும் தட்டு நகர்வது கண்ணுக்குத் தெரிய வேண்டும். நாக்கை ஹோஸின் வாயில் ஒட்டி நிறுத்து. தட்டு அப்படியே நிற்க வேண்டும். மெல்லப் பின்வாங்கினால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது, யூனிட் மாற்ற வேண்டியதுதான். நன்றாக உறிஞ்சியும் தட்டு அசையவே இல்லையென்றால் தட்டு துருவில் இறுகியிருக்கலாம், அல்லது தண்டின் நுனி கொக்கியிலிருந்து கழன்றிருக்கலாம். தட்டு நகரும் திசையையும் பார்த்துக்கொள்: டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ரோட்டர் சுற்றும் திசைக்கு எதிராக நகர்ந்தால்தான் அட்வான்ஸ். வேறு எஞ்சினின் யூனிட்டை மாட்டித் தலைகீழாக வேலை செய்த கதைகளும் உண்டு.

தட்டை உறிஞ்சிப் பிடித்திருக்கும்போதே பாயிண்டுக்குப் போகும் சின்ன ஒயரையும் தட்டின் எர்த் ஒயரையும் உற்றுப் பார். தட்டு ஒவ்வொரு முறை நகரும்போதும் இவை வளைகின்றன. வருடக்கணக்கில் வளைந்து, மேலுறை முழுசாக இருக்க உள்ளே செம்பு இழைகள் மட்டும் அறுந்துபோகும். ஐடிலிங்கில் தொட்டுக்கொண்டிருக்கும், தட்டு இழுபட்டதும் தொடர்பு விட்டுப்போகும். மிதித்தால் இருமி இருமி ஓடும், ஹோஸைக் கழற்றினால் சரியாகிவிடும். உன் வண்டியில் போல்ட் வைத்ததற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்பது என் சந்தேகம். ஒயரை விரலால் மெல்ல இழுத்துப் பார். ரப்பர் போல நீண்டால் உள்ளே அறுந்துவிட்டது. மாற்றும்போது சாதாரண ஒயர் போடாதே. நுண்ணிழைகள் நிறைய உள்ள, துவளும் ஒயர்தான் தாங்கும்.

ஹோஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். முனையைவிட உள்விட்டம் சற்றுச் சின்னதாக, கொஞ்சம் முயன்று ஏற்றும்படி இருக்கட்டும். தளர்வாக இருக்கும் பெட்ரோல் ஹோஸை கிளிப் போட்டு இறுக்குவது வேலைக்காகாது. சுவர் தடிமனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் சூட்டில் உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும். வண்ண வண்ண சிலிக்கான் ஹோஸ் அழகுதான். ஆனால் பெட்ரோல் ஆவி பட்டால் உப்பிவிடும், கார்புரேட்டர் பக்கம் அது வேண்டாம். எக்ஸாஸ்ட், ஃபேன், பிளக் ஒயர்கள் மூன்றுக்கும் விலகிப் போகட்டும். நடுவில் தொங்கி வயிறு விடக் கூடாது; அந்தப் பள்ளத்தில் பெட்ரோல் தேங்கி டயஃப்ரத்தை ஊறவைக்கும். இந்த ஹோஸில் டி (மூன்று வழி இணைப்பு) போட்டு வேறு எதையும் இணைக்காதே. அங்கே கசிந்தால் இங்கே அட்வான்ஸ் போய்விடும். பயன்படுத்தாத முனைக்கு வெடிப்பில்லாத ரப்பர் மூடி போடு.

இனி டைமிங். பாயிண்ட் இடைவெளியை முதலில் சரிசெய், ஏனென்றால் அது மாறினால் டைமிங்கும் மாறும். எஞ்சின் சூடானதும் ஹோஸை யூனிட்டிலிருந்து கழற்றி அடைத்துவிடு (அந்தப் போல்டுக்கு இப்போதுதான் நியாயமான வேலை). ஐடிலிங்கைப் புத்தகம் சொல்லும் வேகத்துக்கு இறக்கு. வேகம் அதிகமானால் எடைகள் விரிய ஆரம்பித்து அளவு பொய்யாகிவிடும். டைமிங் லைட்டில் (பொறி விழும்போதெல்லாம் மின்னும் விளக்கு) எஞ்சினோடு சுற்றும் டைமிங் குறியைப் பார்த்து டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி இறுக்கு. தலைமுடியைக் கட்டிக்கொள், தொங்கும் துணி வேண்டாம். டைமிங் லைட் வெளிச்சத்தில் சுற்றும் ஃபேன் நிற்பது போலத் தெரியும். அது நிற்கவில்லை அம்மாடி.

பிறகு ஹோஸ் கழன்றபடியே வேகத்தை நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு ஏற்று. குறி படிப்படியாக முன்னேற வேண்டும். அது எடைகளின் வேலை. அதே வேகத்தில் ஹோஸை மாட்டு. குறி இன்னும் ஒரு தாவு தாவ வேண்டும். பல யூனிட்டுகளில் அது கிரேங்க் (எஞ்சினின் முதன்மைத் தண்டு) கணக்கில் 10 முதல் 20 டிகிரி. புத்தகத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் டிகிரி போட்டிருந்தால் இரண்டால் பெருக்கு, சுற்று வேகத்தையும் அப்படியே. யூனிட் மேல் பொறித்திருக்கும் எண்ணும் பெரும்பாலும் டிஸ்ட்ரிபியூட்டர் கணக்குதான். ஐடிலிங்குக்குத் திரும்பியபின் ஹோஸைக் கழற்றி மாட்டிப் பார்: போர்ட்டட் ஆனால் குறி அசையாது. மேனிஃபோல்ட் ஆனால் குறி தாவும், வேகமும் ஏறும், ஐடிலிங்கை மறுபடி இறக்க வேண்டும்.

எல்லாம் முடிந்து பாதி மிதியில் நாக்கிங் கேட்டால் ஹோஸை அடைத்து ஒருமுறை ஓட்டிப் பார். போய்விட்டால் வேக்குவம் அட்வான்ஸ் அதிகம், அல்லது கலவை மெலிவு. அப்படியும் போகாமல் முழு மிதியிலும் அடித்தால் குற்றம் ஹோஸில் இல்லை. அடிப்படை டைமிங்கையும் எடைகளின் ஸ்பிரிங்குகளையும் பார்.

கடைசிப் படத்தில் ஸ்பேராக வாங்கி வைத்திருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் யூனிட்டில் இரண்டு முனைகள் தெரிகின்றன. அது இரட்டை டயஃப்ரம். டிஸ்ட்ரிபியூட்டர் உடலை ஒட்டிய முனை ரிட்டார்ட் (பொறியைப் பின்தள்ளுவது), மேனிஃபோல்டுக்கு. வெளிப்பக்க முனை அட்வான்ஸ், போர்ட்டட்டுக்கு. சில எஞ்சின்களில் இதற்கு இரண்டு ஹோஸும் மாட்டியபடியேதான் டைமிங் வைக்கச் சொல்வார்கள், ஆகவே முன்னே சொன்னதை அதற்குப் பொருத்தாதே. உன் எஞ்சினுக்கு அதைப் போடவே வேண்டாம். எடை, ஸ்பிரிங் எல்லாம் வேறு கணக்கு.

நாக்கால் பிடித்தபோது தட்டு நின்றதா, ஒயர் நீண்டதா, அந்த ஒல்லி முனைகளில் விரலை வைத்தபோது என்ன ஆயிற்று, இந்த மூன்றையும் பார்த்து எழுது. அதுவரை அந்தப் போல்ட் அங்கேயே இருக்கட்டும்.

அன்புடன்,
அப்பா