நோர்வே உதைபந்தாட்ட சம்மேளனத்துக்கு: மார்ச் 13ஐ மறக்காதீர்கள்

வணக்கம்.

எட்டு ஆட்டம், எட்டும் வெற்றி, 37 கோல், கடைசியில் மிலானுக்கே போய் இத்தாலியை 4-1 என்று அடித்து, 1998க்குப் பிறகு நம் ஆண்கள் அணி உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது. எல்லாரும் கோல் அடிக்கும் ஹாலன்டைப் பேசினார்கள். பேசட்டும், 16 கோல் என்ன சும்மாவா! நான் எழுதுவது கோட்டுக்கு வெளியே நின்ற பயிற்சியாளர் ஸ்டோலே சோல்பாக்கனுக்காக.

2001 மார்ச் 13, கொப்பன்ஹேகன். நாட்டுக்காக 58 ஆட்டம் ஆடிய நடுக்கள வீரர் சோல்பாக்கன், வயது 33, அந்நகரக் கழகத்தின் பயிற்சியில் அப்படியே விழுந்தார். இதயம் நின்றுவிட்டது. கழகத்தின் வைத்தியர் பக்கத்தில் இருந்ததால் உடனே நெஞ்சை அமுக்கத் தொடங்கினார், ஏறக்குறைய ஏழு நிமிடம் கழித்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில்தான் உயிர் திரும்பியது. இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி வைத்தார்கள், ஆட்ட வாழ்க்கை முடிந்தது. பயிற்சியாளராகச் சாதித்ததெல்லாம் அதற்குப் பிறகு வந்தவை: ஹாமாரில் ஹாம்காம் கழகத்தைத் தூக்கிவிட்டது, கொப்பன்ஹேகன் கழகத்தோடு எட்டு லீக் பட்டம், பார்சிலோனாவைச் சமனில் நிறுத்தி, சாம்பியன்ஸ் லீக்கில் கடைசி 16க்குப் போன முதல் டென்மார்க் கழகமாக அதை ஆக்கியது. அவர் பயிற்றுவித்த மற்றக் கழகங்களான கொலோனும் வுல்வ்ஸும் சரிவரவில்லை, விடுவோம். 2023 ஜூனில் ஸ்காட்லாந்திடம் கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் வாங்கித் தோற்றபோது அவரை அனுப்பச் சொல்லிக் கேட்டவர்கள் பலர், நீங்கள் அனுப்பவில்லை. அதற்கு மனமார்ந்த நன்றி.

ஆனால் அன்று வைத்தியர் அங்கே இல்லாவிட்டால்? 2021இல் அதே நகரத்தில் டென்மார்க் வீரர் எரிக்சன் ஆட்டத்தின் நடுவே இதயம் நின்று விழுந்தபோதும் வைத்தியர்கள் ஓடிவரும் தூரத்தில் இருந்தார்கள். நம் பிள்ளைகள் பயிற்சி எடுக்கும் சின்ன மைதானங்களில் யார் இருக்கிறார்கள்? வேலை முடிந்து நேரே வந்த ஒரு பயிற்சியாளர், வேலியோரம் குளிரில் நிற்கும் நாலைந்து தாய்தகப்பன். இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி கழகக் கட்டடத்துக்குள் இருந்து, திறப்பு யாரோ ஒருவர் வீட்டில் இருந்தால், அது இருந்தென்ன, இல்லாமல் என்ன?

உலகக் கிண்ணத்தால் வரும் பணத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குங்கள். ஒவ்வொரு மைதானத்திலும் கருவி வெளிச்சுவரில் இருக்கட்டும், நம் குளிருக்குச் சூடேற்றிய பெட்டியில், பூட்டில்லாமல். அப்புறம், ஒவ்வொரு ஆண்டும் மார்ச் 13 அன்று, பருவம் சூடுபிடிக்கும் முன்பே, பிள்ளைகளைப் பயிற்றுவிக்கும் அத்தனை பேரும் முழங்காலிட்டு ஒரு பொம்மையின் நெஞ்சை அமுக்கிப் பழகட்டும். முதல் வகுப்புக்குச் சோல்பாக்கனையே கூப்பிடுங்கள்.