சனிக்கிழமை வேண்டாம், செவ்வாய்க்கிழமை வாருங்கள்

சென்னை ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) நிறுவனங்களில் சி.எஸ்.ஆர். என்ற சமூகப் பொறுப்புப் பணி, தன்னார்வப் பணி ஆகியவற்றைக் கவனித்துக்கொள்ளும் சார், மேடம் எல்லோருக்கும் வணக்கம்.

துரைப்பாக்கத்தை ஒட்டியிருக்கும் கண்ணகி நகரில் இருந்து எழுதுகிறேன். உங்களில் பலருடைய அலுவலகத்தில் இருந்து எங்கள் குடியிருப்புக்கு ஷேர் ஆட்டோவில் வந்துவிடலாம். 2000ஆம் ஆண்டு அடையாற்றங்கரையில் இருந்த எங்கள் வீட்டை அகற்றி மறுகுடியமர்த்தியபோது, பாத்திரம் பண்டத்தோடு லாரியில் ஏறி இங்கே வந்தவள் நான். அப்போது எனக்குப் பத்து வயது. பகலில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறேன். மூன்றரைக்கு வேலை முடியும். நாலரையில் இருந்து ஏழு மணி வரை, எங்கள் பிளாக்கின் கீழே இருக்கும் ஒரு அறையில், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளோடு இருக்கிறேன். நாங்கள் அதை மாலை மன்றம் என்போம், பிள்ளைகள் கிளப் என்பார்கள், பெற்றோருக்கு அது டியூஷன்.

இது தொடங்கிய விதத்தைச் சொல்லிவிடுகிறேன். கொரோனாவுக்குப் பிறகு, 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. அந்தந்தத் தெருவில் இருக்கும் பெண்களே பெரும்பாலும் தன்னார்வலர்கள். இருபது பிள்ளைகளுக்கு ஒருவர், மாலை ஐந்து முதல் ஏழு வரை, மாதம் 1,000 ரூபாய். நானும் சேர்ந்தேன். அது எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். என்னிடம் வந்த பிள்ளைகள் ஒன்பதாவதுக்குப் போன பிறகும் வந்து வாசலில் நின்றார்கள். போ என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பிள்ளைகளுக்காக உண்டானதுதான் இந்த மன்றம்.

இங்கே என்ன நடக்கும்? முதல் அரைமணி நேரம் வீட்டுப்பாடம். பிறகு கேரம், செஸ், கதைப் புத்தகம். சுண்டல். மீதி நேரம் பேச்சு. ஒரு கிலோ கொண்டைக்கடலையை முந்தின ராத்திரி ஊறவைத்தால் இருபத்தைந்து பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கிண்ணம் வரும். இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். 2022இல் வந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தால் தொடக்கப் பள்ளிப் பிள்ளை காலையில் சாப்பிட்டுவிடுகிறது. மதியத்துக்குச் சத்துணவு இருக்கிறது. மதியம் சாப்பிட்ட பிள்ளைக்கு ராத்திரி எட்டரை, ஒன்பது மணிக்கு அம்மா வந்து சோறு வடிக்கும் வரைக்கும் எதுவும் இல்லை. பசித்த பிள்ளைக்கு அல்ஜீப்ரா ஏறாது.

அந்த அம்மா எங்கே போனார் என்று கேட்கிறீர்களா? உங்கள் அலுவலகத்தில்தான் இருக்கிறார். நீங்கள் பாஸ் தட்டி உள்ளே வரும்போது கண்ணாடிக் கதவைத் துடைத்துக்கொண்டு நிற்கும் ஹவுஸ்கீப்பிங் அக்காக்களில் எத்தனையோ பேர் எங்கள் ஆட்கள். காலை ஏழு மணி ஷிப்டுக்கு ஆறரைக்கே கிளம்புகிறார்கள். சிலர் ஷிப்ட் முடிந்ததும் பக்கத்து அபார்ட்மென்டில் இரண்டு வீட்டு வேலையையும் முடித்துவிட்டுத்தான் திரும்புகிறார்கள். நாலு மணியில் இருந்து எட்டு மணி வரை அவர்கள் பிள்ளைகள் தெருவில் இருப்பதற்கு அவர்களுடைய அக்கறையின்மை காரணம் இல்லை. அந்த நாலு மணி நேரமும் அவர்கள் உங்கள் கட்டடங்களிலும் வீடுகளிலும் இருக்கிறார்கள்.

சரி, இப்போது நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை, ஒரு நிறுவனத்தில் இருந்து நாற்பது பேர் ஒரே நிற டி-சர்ட்டில் வந்தார்கள். பெயர் வேண்டாம். நல்ல மனதோடு வந்தவர்கள்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஓவியப் போட்டி வைத்தார்கள், பை கொடுத்தார்கள், பேனர் முன்னால் எல்லோரையும் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். அதில் ஒரு தம்பி மட்டும் மூலையில் ஏழாவது படிக்கும் ஒரு பையனோடு தரையில் உட்கார்ந்துவிட்டான். பையன் கையில் உடைந்த பொம்மைக் காரில் இருந்து பிடுங்கிய மோட்டார். இரண்டு பேரும் பேனா செல்லை வைத்து, பிளாஸ்டிக் மூடியை வெட்டி இறக்கை செய்து, ஒரு குட்டி ஃபேன் செய்தார்கள். ஓடியது! ஆனால் விரலால் வயரை அழுத்திப் பிடித்தால்தான் ஓடும். "ஈயம் உருக்கி சால்டர் பண்ணினா வயர் ஒட்டி நிக்கும்டா. அடுத்த வாரம் சால்டரிங் அயர்ன் எடுத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனான் அந்தத் தம்பி.

பையன் அந்த மோட்டாரையும் வயரையும் இறக்கையையும் ஒரு தீப்பெட்டியில் போட்டு, ரப்பர் பேண்ட் சுற்றி, என்னிடம் கொடுத்து வைத்தான். வீட்டில் வைத்தால் தங்கச்சி எடுத்துவிடுவாளாம். அடுத்த சனிக்கிழமை மூன்று மணிக்கே வந்துவிட்டான். அதற்கடுத்த சனிக்கிழமையும். "சால்டர் அண்ணா போன் பண்ணாரா அக்கா?" என்று கேட்பான். அந்த நிறுவனத்துக்கு இரண்டு முறை மின்னஞ்சல் அனுப்பினேன். அடுத்த தன்னார்வ நாள் அடுத்த காலாண்டில் என்று பதில் வந்தது. அந்தத் தம்பியின் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவனுக்கு வர ஆசை இருந்திருக்கலாம், வர வழி இருந்திருக்காது. என் வருத்தமெல்லாம் அந்தக் காலாண்டுக் கணக்கின் மேல்தான். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் காலாண்டு என்றால் பரீட்சை.

ஏழாவது வாரம் பையன் கேட்பதை நிறுத்திவிட்டான். கேட்டுக்கொண்டே இருந்தபோதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. எங்கள் பிள்ளைகள் சீக்கிரம் கற்றுக்கொள்ளும் பாடம் இது: வருகிறேன் என்று சொல்பவர்கள் வரமாட்டார்கள். ஆற்றங்கரையில் இருந்து பெயர்த்துக்கொண்டு வந்தபோது பள்ளிக்கூடம் வரும், பஸ் வரும், வேலை வரும் என்று எங்களிடம் சொன்னார்கள். வந்தது, ஆனால் எத்தனையோ வருடம் கழித்து. அதற்குள் என் செட் பிள்ளைகள் பலர் படிப்பை விட்டிருந்தார்கள். மன்றத்தில் நாங்கள் செய்ய நினைப்பது ஒன்றே ஒன்றுதான். வருகிறேன் என்று சொன்ன பெரியவர் வருவார் என்பதை ஒரு பிள்ளை தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

அதனால் உங்களிடம் என் வேண்டுகோள் இது. நாற்பது பேரை ஒரு நாளைக்கு அனுப்பாதீர்கள். இரண்டு பேரை ஒரு வருடத்துக்கு அனுப்புங்கள். வாரத்தில் ஒரே நாள், அதே நாள், அதே இரண்டு பேர். அதுவும் வேலைநாளில். சனி, ஞாயிறு அம்மாக்களில் பாதிப் பேராவது வீட்டில் இருப்பார்கள், தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும், பிள்ளைகள் கடற்கரைக்குக்கூடப் போவார்கள். பெரியவர்கள் யாரும் இல்லாத நேரம் செவ்வாய், புதன் மாலைதான். அந்த இரண்டு பேரை வாரத்தில் ஒரு நாள் நாலரை மணிக்கு விடுவியுங்கள். ஏழு மணிக்கு மேல் அவர்கள் கால் பேசட்டும், லேப்டாப்பைத் திறக்கட்டும். இது மேலாளர் கையெழுத்துப் போட வேண்டிய விஷயம். ஊழியரின் நல்ல மனதை மட்டும் நம்பி விட்டால் மூன்றாவது வாரம் ஏதாவது சாஃப்ட்வேர் ரிலீஸ் வந்துவிடும். ஆளும் வரமாட்டார்.

வருபவர் பெரிய படிப்பாளியாக இருக்க வேண்டியதில்லை. பாடம் நடத்தத் தெரியாது என்று பலர் தயங்குகிறார்கள். பாடம் நடத்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். இங்கே வேண்டியது கேரம் ஆடத் தெரிந்த, தோற்றாலும் கோபப்படாத ஒரு பெரியவர். ஒரு பத்தாவது பையன் முதல் மாதம் உங்கள் முகத்தையே பார்க்கமாட்டான். நான்காவது மாதம், போர்டில் பவுடர் தூவிக்கொண்டே, அப்பா குடிக்கிறதைப் பற்றி ஒரு வரி சொல்வான். அந்த ஒரு வரிக்கு முன்னால் வந்த பதினைந்து செவ்வாய்க்கிழமைகளும் சும்மா உட்கார்ந்திருந்ததாகத்தான் உங்களுக்குத் தோன்றும். அதை அறிக்கையில் எப்படி எழுதுவது என்று கேட்டால், வந்த நாட்களின் எண்ணிக்கையை எழுதுங்கள். அது போதும்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எட்டாவது முடித்ததும் அவர்கள் மன்றத்துக்கு வருவது குறைந்துவிடும். தண்ணீர் பிடிக்க வேண்டும், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நாங்கள் கண்டுபிடித்த ஒரே வழி, இடுப்பில் இருக்கும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு வா என்று சொன்னதுதான். இப்போது அறையின் ஒரு மூலையில் பாய் விரித்து மூன்று குட்டிகள் விளையாடுகின்றன. வருகிற பெண் தன்னார்வலர் ஒருவர் அந்த மூலையைப் பார்த்துக்கொண்டால், ஒரு ஒன்பதாவது பெண் ஒரு மணி நேரம் தன் புத்தகத்தோடு உட்கார முடியும்.

எங்கள் விதிகளையும் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் மனம் கோணக் கூடாது. எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனியாக இருக்கக் கூடாது. அறையில் எப்போதும் இரண்டு பெரியவர்கள். கதவு திறந்தே இருக்கும். யாராக இருந்தாலும் போலீஸ் சரிபார்ப்புச் சான்று கொண்டுவர வேண்டும். பிள்ளைகளுக்குப் போக்சோ சட்டம் என்றால் என்ன, 1098 என்ற குழந்தைகள் உதவி எண் எதற்கு என்று சொல்லிக்கொடுத்திருக்கிறோம். தனி எண்ணில் பிள்ளைகளோடு வாட்ஸ்அப் கூடாது. பெற்றோர் சம்மதம் இல்லாமல் படம் எடுக்கக் கூடாது. வர முடியாத நாளில் மதியத்துக்குள் எனக்கு ஒரு போன் செய்யுங்கள், நான் பிள்ளைகளிடம் சொல்லிவிடுவேன். நிற்கப் போகிறீர்கள் என்றால் எந்தத் தேதியில் என்று முன்னாடியே அவர்களிடமே சொல்லுங்கள். போவது தப்பில்லை. சொல்லாமல் போகக் கூடாது.

அப்புறம், பை வேண்டாம். அரசுப் பள்ளிப் பிள்ளைக்குப் பை, புத்தகம், நோட்டு, சீருடை, செருப்பு எல்லாம் அரசே கொடுக்கிறது. சில வீடுகளில் மூன்று பை தொங்குகிறது. அந்தப் பணத்தில் கடலை வாங்கிக் கொடுங்கள்.

தொடர்ந்து வருவதால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்குக் காட்ட எங்கள் ஊரிலேயே ஆள் இருக்கிறார். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அதில் ஆடிய கார்த்திகா எங்கள் கண்ணகி நகர்ப் பெண். அன்றைக்கு இங்கே வெடித்த வெடியில் தீபாவளி தோற்றது. முகவரியில் கண்ணகி நகர் என்று எழுதினாலே வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள் என்று தயங்கிய பிள்ளைகள் அன்றைக்கு ஊர்ப் பெயரை உரக்கச் சொன்னார்கள். ஒரு நாள் முகாமில் உருவாகும் ஆட்டம் இல்லை அது. மண் தரையில் நாள் தவறாமல் நின்று சொல்லிக்கொடுக்க ஒரு பயிற்சியாளர் வேண்டியிருந்தது.

இன்னொரு வேண்டுகோளும் இருக்கிறது. இதற்குப் பணமும் ஆளும் வேண்டாம். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். எங்கள் அம்மாக்கள் அதில் உறுப்பினர்கள். கூட்டத்துக்குப் போனால் அன்றைய சம்பளம் போகிறது, அதனால் போவதில்லை. உங்கள் ஹவுஸ்கீப்பிங் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: பள்ளிக் கூட்டம் உள்ள நாளில் இரண்டு மணி நேர அனுமதி, சம்பளப் பிடித்தம் இல்லை. ஒப்பந்ததாரர் உங்கள் சொல்லைக் கேட்பார். எங்கள் சொல்லைக் கேட்கமாட்டார்.

அந்தத் தீப்பெட்டி என்ன ஆனது என்று சொல்லாமல் முடித்தால் சரியாக இருக்காது. எட்டாவது வாரம் எனக்கே பொறுக்கவில்லை. எங்கள் பிளாக்கில் மூன்றாவது மாடியில் ஒரு டி.வி. மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். அவரிடம் போய்க் கேட்டேன். ஒரு செவ்வாய்க்கிழமை அயர்னோடு வந்தார். செவ்வாயில் எதையும் தொடங்கக் கூடாது என்பார்கள். அவருக்கோ செவ்வாய் மாலைதான் ஓய்வு. ஈயம் உருகி வயரில் உட்கார்ந்ததும் பையன் கையை எடுத்தான். ஃபேன் நிற்காமல் ஓடியது. அடுத்த செவ்வாயும் அவர் வந்தார். இப்போது ஏழு பிள்ளைகள் அவரைச் சுற்றி உட்காருகிறார்கள். பேட்டரியில் ஓடும் பொருட்களை மட்டும்தான் தொட வேண்டும் என்பது அவர் போட்ட விதி.

ஏழு பேருக்கு ஒரு அயர்ன்தான். அவருக்கும் ஒரு துணை வேண்டும். உங்கள் அலுவலகத்தில் கண்டிப்பாக யாராவது இருப்பார்கள், சின்ன வயதில் ரேடியோவைப் பிரித்துப் போட்டு அடி வாங்கியவர். அவரைக் கண்டுபிடித்து அனுப்புங்கள். முடிந்தால் அந்தத் தம்பியையே அனுப்புங்கள், பையன் இன்னும் அவனைச் சால்டர் அண்ணா என்றுதான் சொல்கிறான். செவ்வாய்க்கிழமை, ஐந்து மணி. ஐந்தேகாலுக்குள் வந்தால் சுண்டல் சூடாக இருக்கும்.

அன்புடன்,
மாலை மன்றத்து அக்கா,
கண்ணகி நகர்