பொருள்: எனாக்ஸபாரின் ஊசியால் ஏறிய பொட்டாசியமும், பதில் சொல்லாமல் என்னை அலையவிட்டதும்

வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். பாலக்கோடு அருகிலிருந்து எழுதுகிறேன். இடுப்பு எலும்பு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, காலில் ரத்தம் உறையாமல் இருக்க என் தாயாருக்குத் தினமும் வயிற்றில் போட்டது உங்கள் எனாக்ஸபாரின் ஊசி. அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. ரத்த அழுத்தத்துக்கு லோசார்டன் சாப்பிட்டு வந்தார். ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 5.9 என்று வந்தது. 5-க்குள் இருக்க வேண்டியது. மருத்துவர் உடனே ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லி, லோசார்டனை நிறுத்தி, ஊசிக்குப் பதில் வேறு மாத்திரை கொடுத்தார். எனாக்ஸபாரின் போன்ற ஹெப்பாரின் வகை மருந்துகள் அட்ரினல் சுரப்பியில் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் சுரப்பதைக் குறைக்கும், அது குறைந்தால் சிறுநீரில் போக வேண்டிய பொட்டாசியம் ரத்தத்திலேயே தங்கிவிடும், சர்க்கரை நோயாளிகளுக்கும் லோசார்டன் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் ஆபத்து அதிகம் என்று அவர் விளக்கினார். மருந்தைச் செய்கிற உங்களுக்கு இது தெரியாமலா இருக்கும்?

தெரியாதாம். பக்க விளைவைப் பதிவு செய்யவும், பிரிக்காத ஊசிகளுக்குப் பணம் கேட்கவும் உங்கள் உதவி எண்ணை அழைத்தேன். பேசியவர், "ஊசியால் பொட்டாசியம் ஏறாது. தக்காளியும் இளநீரும் நிறையக் கொடுத்திருப்பீர்கள்" என்று சொல்லிச் சிரித்தார். பாலக்கோட்டுக்காரனுக்குத் தக்காளியைப் பற்றிப் பாடம்! பெயரைக் கேட்டதும் இணைப்பைத் துண்டித்துவிட்டார். உங்கள் பெட்டிக்குள் இருக்கும் துண்டுச்சீட்டில், எறும்பு அளவு ஆங்கில எழுத்தில், பொட்டாசியம் பற்றிய எச்சரிக்கை இருக்கிறது. அந்த மனிதர் அதைப் பிரித்தே பார்த்ததில்லை போலும்.

அடுத்து எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார், மறுக்கவில்லை. ஆனால் ரசீதுடன் சேலம் விநியோகஸ்தரிடம் போகச் சொன்னார். தொப்பூர் கணவாயில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தால், "நாங்கள் பெட்டி விற்பவர்கள், கம்பெனியைக் கேளுங்கள்" என்று வாசலிலேயே அனுப்பிவிட்டார்கள். அந்த நேரத்தில் என் தோட்டத்துத் தக்காளி பறிக்க ஆளில்லாமல் செடியிலேயே அழுகியது. ஒரு போகமே நாசம். குடும்பமே நடுத்தெருவுக்கு வந்துவிட்டது. இதற்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

உங்கள் மருந்து மோசம் என்று நான் சொல்லவில்லை. ரத்தக்கட்டு வராமல் காத்தது அதுதான், நன்றி. பொட்டாசியத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தமிழில் ஒரு வரி போடுவதற்கு என்ன செலவாகிவிடும்? அதையும் போட்டு, பணத்தையும் தந்து, பக்க விளைவைப் பதிவு செய்ததற்கான கடிதத்தையும் அனுப்பும்படி தயவுசெய்து கேட்டுக்கொள்கிறேன்.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் தருமபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். காசியாபாத்தில் உள்ள மருந்துக் கண்காணிப்பு மையத்துக்கும், மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் நானே எழுதுவேன். ரசீது, பரிசோதனை முடிவு, ஈ.சி.ஜி. நகல்கள் இணைத்திருக்கிறேன்.

தொலைபேசியில் அழைப்பதானால், தக்காளி மனிதரைக் கொண்டு அழைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்